இடுப்பில் கட்டிச் சுமந்த கிருமி

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைத் தமிழில் எழுதியது நான்தான். டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார். நானும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுத்து கோணாமல் எழுதினேன். பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு வரும் காயங்களுக்கு இனிமேல் சிக் லீவு சீட்டு கிடையாது என்பதுதான் விஷயம். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுத்து நேராக வந்ததில் சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வண்டிப்பெரியாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். வயது இருபத்திரண்டு. அம்மா கொழுந்து எடுக்கிறவள். அப்பா நான் ஹைஸ்கூலில் படிக்கும்போதே தவறிவிட்டார். மதுரையில் மாமா வீட்டில் தங்கி ஒரு வருஷ லேப் படிப்பு முடித்துவிட்டு வந்தேன். லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்த பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு கிடைத்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். லேப் என்பது மருந்து கொடுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு. காலையில் வரும் சளி, ரத்தம், மூத்திரம் எல்லாவற்றையும் பார்த்து மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

அந்தப் பச்சிலைக்கு எங்கள் பக்கத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று பெயர். ரோட்டோரம், ஓடைக்கரை, லயத்துக்குப் பின்னால் என்று கால் வைத்த இடமெல்லாம் முளைத்து நிற்கும். தொழிலாளிகளுக்குக் கத்தி பட்டாலும் அட்டை கடித்தாலும் முதலில் கை நீளுவது அதற்குத்தான். இரண்டு இலையைப் பறித்து வாயில் போட்டு மென்று, காயத்தில் அப்பிக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும். ஆஸ்பத்திரி இரண்டு மைல். இலை இரண்டு எட்டு.

டாக்டருக்கு அந்த இலை மேல் இருந்த வெறுப்பு வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. அவர் கோட்டயம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். முன்பு வேறொரு எஸ்டேட்டில் இருந்தபோது, இலை வைத்துக் கட்டிய காயத்தோடு வந்த ஒருவன் தாடை இறுகி, வில்லாக வளைந்து அவர் கண் முன்னால் செத்திருக்கிறான். அதை என்னிடமே ஒருமுறை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த வழி, காயம்பட்டவனைத் தண்டிப்பதாக இருந்தது.

அது ஆடி மாதம், விடாத மழை. கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது, தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி விடுகிற வேலை. கத்தி சவரக்கத்தி போல இருக்கும். எங்களுக்கு அடுத்த வீட்டு அண்ணன் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டார். கூட நின்றவர்கள் வழக்கம்போல இலையை மென்று வைத்துக் கட்டி அனுப்பினார்கள். டாக்டர் கட்டைப் பிரித்தார், இலையைப் பார்த்தார், காயத்தைக் கழுவித் தையல் போட்டு ஊசியும் போட்டார். சீட்டு மட்டும் தரவில்லை. சுவரைக் காட்டினார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அந்தக் காலோடு கவ்வாத்துக்கே போனார். நாலாம் நாள் கால் தூண் போல வீங்கி, சீட்டு இல்லாததால் கூலியும் இல்லாமல் வீட்டில் கிடந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா படங்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கும் செடிக்குச்சிக்கும் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற முரட்டுச் சாக்குத்துணிதான் படங்கு.

"ஏட்டி, சொவத்துல இருக்கது ஒன் எழுத்துதான?"

ஆமாம் என்றேன்.

"அதை எழுதுததுக்கா நான் ஒன்னய மதுரைக்கு அனுப்புனேன்?"

படங்கைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போய், அந்த அண்ணன் காலைக் கெடுத்தது இலைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேலையில் சேர்ந்து அன்றுவரை நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டதற்குப் பதில்தான் சொல்லியிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைக் கொச்சே என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊரில் சின்னப் பெண்களுக்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

"கொச்சே, இலை நல்லதுன்னு உனக்கு அறியுமோ? டெஸ்ட் செய்து நோக்கியோ?"

இல்லை என்றேன்.

"அப்ப போய் மைக்ராஸ்கோப்பைப் பார்."

அவர் என்னை விரட்டத்தான் அப்படிச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சரி, டெஸ்ட் செய்து பார்க்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதி எங்கள் லேபில் இல்லை. மதுரையில் படிக்கும்போது செய்திருக்கிறேன்: கண்ணாடித் தட்டில் ஜெல்லி போல ஒன்றை ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் கிருமியைத் தடவி, மருந்தில் தோய்த்த சின்னக் காகித வட்டத்தை வைப்போம். மருந்து கிருமியைத் தடுத்தால் காகிதத்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம் நிற்கும். அங்கே சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். ஓரம் உடைந்து ஒதுக்கி வைத்த ஆறு தட்டுகளை வைக்கோல் சுற்றிப் பார்சலில் அனுப்பினார். ஜெல்லிக்கு, ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்து ஊரான கம்பத்துக்குப் பஸ்ஸில் இறங்கி, பாயசக்காரர்கள் வாங்குகிற சைனா கிராஸ் வாங்கினேன். பேர்தான் வேறு, லேபில் உபயோகிக்கிற கடல்பாசியும் அதுதான். அதோடு ஆட்டெலும்பு வேகவைத்த சாறு. காகித வட்டத்துக்கு, எஸ்டேட் ஆபீஸில் காகிதத்தில் ஓட்டை போடுகிற மிஷின். கிளார்க்கிடம் கெஞ்சி, வடிகட்டும் தாளை அதில் கொடுத்து அமுக்கினேன். ஒரே அளவில் அழகாக விழுந்தன. எல்லாவற்றையும் டிரெஸ்ஸிங் துணி அவிக்கும் நீராவி டிரம்மில் வைத்து அவித்தேன். துணி அவிக்கும் ஆயாவுக்குக் கோபம், ஆட்டெலும்பு வாசனை துணியில் ஏறிவிட்டதாம்.

அடுத்த வீட்டு அண்ணன் காலிலிருந்து சீழை எடுத்துத் தட்டில் கோடு இழுத்தேன். அலமாரியில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. நாலாம் நாள் பூஞ்சை பூத்தது. காரணம் எனக்குத் தெரிந்ததுதான்: கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும். அந்த மழையில் எங்கள் ஆஸ்பத்திரியில் கம்பளிக்குள் படுத்திருந்த நோயாளிகளுக்கே சூடு இல்லை. அடுப்புப் பக்கம் வைத்தால் ஜெல்லி காய்ந்து சுருங்கிவிட்டது. இரண்டு தட்டு அப்படி வீணானது.

உடம்புச் சூடு வேண்டும் என்றால் உடம்பில் வைப்பதுதானே என்று தோன்றியது ஒரு காலை நேரத்தில், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு மழையைப் பார்த்து நின்றபோது. மறுபடி சீழைக் கோடு இழுத்து, தட்டுகளின் ஓரத்தைப் பிளாஸ்டர் ஒட்டி மூடினேன். வட்டமான ஒரு பிஸ்கட் டப்பாவில் மூன்றை அடுக்கி, பஞ்சு திணித்து, துணியால் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர். ஒரு பகல், ஒரு ராத்திரி. அவிழ்த்துப் பார்த்தபோது கோடு இழுத்த இடமெல்லாம் பொன்னிறத்தில் குண்டூசித் தலை போல முளைத்திருந்தது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். திராட்சைக் கொத்து போலக் குவிந்து கிடந்தன. சீழ் பிடிக்க வைக்கிற கிருமி.

அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை. தட்டு முழுக்க அந்தக் கிருமியைத் தடவி, நாலு காகித வட்டம் வைத்தேன். ஒன்று காய்ச்சி ஆறின தண்ணீரில் நனைத்தது. ஒன்று வெறும் ஸ்பிரிட்டில் நனைத்துக் காயவைத்தது. ஒன்று இலையை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்த சாற்றில் தோய்த்துக் காயவைத்தது. நாலாவது ஆஸ்பத்திரிப் பென்சிலின். மறுபடி டப்பா, மறுபடி வயிறு. ஒருமுறை செய்து நம்பிவிடக் கூடாது என்று மதுரையில் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் மூன்று தடவை செய்தேன்.

கல்யாணம் ஆகாத பெண் பத்து நாளாக முன்பக்கம் துருத்திக்கொண்டு நடந்தால் எஸ்டேட்டில் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீராவி டிரம் ஆயாதான் ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். கிளார்க் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். ஓட்டை மிஷின் கொடுத்த பாவத்துக்கு அவன் பேரும் அடிபட்டது, பாவம். அம்மா காதுக்கு வந்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். நான் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினேன். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் படங்கை எடுத்து என் இடுப்பைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு போட்டாள்.

"நீ கட்டியிருக்க லெச்சணத்துக்கு ஓடையத் தாண்டும்போது விழுந்திரும். இப்பம் நட."

கொல்லைப்பக்கமாகப் போகட்டுமா என்று கேட்டேன். என்னத்துக்கு என்றாள். நான் குழாயடி வழியாகவே நடந்தேன். யாரும் பார்க்காமல் இருக்கவில்லை. நானும் தலையைக் குனியவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போன அந்த இரண்டு மைல் எனக்கு ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கிறது.

அன்று மத்தியானம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, எனக்கு ஏதாவது கஷ்டம் என்றால் மறைக்க வேண்டாம் என்றார். கோட்டயத்தில் தெரிந்த கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரி இருப்பதாகவும், யாருக்கும் தெரியாமல் லீவு போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார். அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். நான் திரும்பி நின்று முடிச்சை அவிழ்த்து, டப்பாவை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பென்சிலினைச் சுற்றிப் பெரிய வளையம். தண்ணீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஒன்றுமில்லை. காகிதத்தின் ஓரம்வரை கிருமி மண்டியிருந்தது. இலைச் சாற்றைச் சுற்றி ஒரு நெல் அகலத்துக்குத் தெளிந்த வளையம். மூன்று தட்டிலும் அப்படியே.

சின்ன வளையம்தானே என்றார். ஆமாம், பெரிசு என்று நான் சொல்லவில்லையே என்றேன். வெறும் ஸ்பிரிட் வைத்தது எது என்று கேட்டார். காட்டினேன். அதைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார்; கிருமியைத் தடுத்தது ஸ்பிரிட் இல்லை, இலைதான் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இவர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்தா காயத்தில் வைக்கிறார்கள், வாயில் மென்றல்லவா வைக்கிறார்கள் என்று. அதையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவையே இலையை மெல்லச் சொன்னேன். ஒரு தட்டில் அவள் மென்றது, ஒன்றில் காய்ச்சின தண்ணீரில் இலையையும் அம்மியையும் கழுவி அரைத்தது. கிருமி தடவாத சுத்தமான தட்டுகள். மறுநாள் அரைத்ததைச் சுற்றி அங்கங்கே ஓரிரண்டு புள்ளி. மென்றது வைத்த தட்டு முழுக்க மூன்று நாலு நிறத்தில் நுரைத்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அப்பம் என் வாயிதான் சாக்கடைங்கியா?"

எல்லார் வாயும் அப்படித்தான், என் வாயும், டாக்டர் வாயும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் மாற்றிச் சொல்லவும் இல்லை.

டாக்டர் அந்தத் தட்டைப் பார்த்ததும், தான் சொன்னது சரி என்றார். நோட்டீஸ் இருக்கட்டும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மென்று வைக்காதே என்று எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன். ஆனால் கால் வீங்கினவனுக்குச் சீட்டு இல்லை என்று எந்தத் தட்டு சொல்கிறது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அவர் என்னை வேலையைப் பார்க்கச் சொன்னார்.

விஷயம் யூனியன் செயலாளர் காதுக்குப் போனது. மறுநாளே லயத்துக்கு வந்துவிட்டார். இலை கிருமியைக் கொல்லும் என்று எழுதிக் கொடு, கேட் மீட்டிங்கில் பேசுகிறேன் என்றார். வளையம் விழுந்த தட்டு மட்டும் அவருக்குப் போதும். இரண்டு தட்டையும் காட்டுவதாக இருந்தால் தருகிறேன் என்றேன். அது எதிராளிக்கு நாமே எடுத்துக் கொடுப்பது போல என்றார். தோழர், எனக்கு எதிராளி கிருமிதான் என்றேன். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஆக, எனக்குப் பின்னால் டாக்டரும் இல்லை, யூனியனும் இல்லை. நானே சொல்வதென்று முடிவு செய்தேன். தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு புதன்கிழமை, கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும், நான் டப்பாவோடு முன்னால் போய் நின்றேன். மழைச் சாக்கு போர்த்திய பெண்கள் வரிசை. பிளாஸ்டரைப் பிரிக்காமலேயே தட்டுகளைக் கையில் தூக்கிக் காட்டினேன். இந்த இலை கொஞ்சம் வேலை செய்கிறது, ஊசி மருந்தளவுக்கு இல்லை என்றேன். மென்று வைத்தால் நம் வாயிலிருக்கிற கிருமியைக் காயத்தில் வைத்துத் தைப்பது போல என்றேன். காய்ச்சின தண்ணீர், கழுவின அம்மி, சுத்தமான துணி. கட்டிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், தாடை இறுகாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியாக, அந்த நோட்டீஸ் என் எழுத்து, அதை எழுதியது தப்பு என்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. பிறகு அடுத்த வீட்டு அண்ணனின் மனைவி வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அப்பம் எங்க வீட்டுக்காரருக்குச் சீட்டு வாங்கிட்டுத்தான் நான் மலைக்குப் போவேன்."

அவள் தேயிலை மலைப் பக்கம் போகாமல் ஆபீஸ் பக்கம் நடந்தாள். அம்மா பின்னால் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக. என் வயிற்றைப் பற்றிப் பேசியவர்களும் போனார்கள். ஆபீஸ் வராந்தாவில் கூடையோடு நின்றார்கள். கோஷம் கிடையாது, கொழுந்தும் கிடையாது. பதினொரு மணிக்கு மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அண்ணனுக்குச் சீட்டு வந்தது. அடுத்த வாரம் சுவரில் நோட்டீஸ் இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் மேலும் மூன்று வாரம் படுத்துக் கிடந்து எழுந்தார். கெந்தி நடப்பது மட்டும் போகவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து கிருமியை வெளியே கொண்டுபோனது, வேலை நேரத்தில் தொழிலாளர்களிடம் பேசியது. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். மெமோ முழுவதிலும் 'ஒரு குறிப்பிட்ட செடி' என்றே இருந்தது. பேரை எழுத ஆபீஸுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. நான் பதில் எழுதினேன். கிருமியை வெளியே கொண்டுபோனது தவறு, அதற்கு வருந்துகிறேன். ஆஸ்பத்திரியில் சூடான பெட்டி ஒன்று இருந்திருந்தால் கொண்டுபோயிருக்க மாட்டேன். பேசியதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது. செடியின் பேர் கம்யூனிஸ்ட் பச்சை. அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.

டாக்டர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, கடைசி வரியை அடித்துவிடு, நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். நான் அடிக்கவில்லை. வேலை போகவில்லை, ஆனால் எஸ்டேட்டின் கடைசி டிவிஷன் டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். அங்கே மைக்ராஸ்கோப் கிடையாது. கட்டுக் கட்டுவதும் மாத்திரை எண்ணிக் கொடுப்பதும்தான். படித்த வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு மாதம் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன். ராஜினாமா எழுதிக் கிழித்தேன். போனால் அவர்களுக்கு நிம்மதி என்று தோன்றியதால் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், கொழுந்துக்காடு ஒன்றிலிருந்து ஒரு பெண் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரலில் வெட்டு. வெள்ளைத் துணி, இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். பிரித்தால் உள்ளே அரைத்த இலை. மென்றதா என்று கேட்டேன். இல்லை, சுடுதண்ணியில் அம்மியைக் கழுவி அரைத்தது, துணியையும் காய்ச்சினோம், நீதானே சொன்னாய் என்றாள். அந்த டிவிஷனில் நான் யாருக்கும் சொன்னதில்லை. காயம் சுத்தமாக இருந்தது. ஆனால் விரல் நுனி நீலம் பாரித்துக் கிடந்தது. இவ்வளவு இறுக்கிக் கட்டக் கூடாது, ரத்தம் ஓட வேண்டும் என்று சொல்லி, மருந்து போட்டுத் தளர்த்திக் கட்டினேன். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிக் சீட்டில் இலை வைத்துக் கட்டிய வெட்டு என்றே குறித்து, நாலு நாள் லீவுக்குச் சிபாரிசு எழுதி, டாக்டர் கையெழுத்துக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகி வந்தது.